படகில் வேக்போர்ட் கோபுரம்: எங்கே நிற்க வேண்டும், எப்படிப் பொருத்த வேண்டும்?

லகாட்: பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தெமெங்கோர் ஏரி, செண்டரோ ஏரி, லுமுட், பங்கோர் என்று குடும்பத்தோடு கிளம்பிவிடுவது பேராக் மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. தண்ணீரில் ஓடும் உல்லாசப் படகுகள் சிலவற்றில், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே வளைந்த குழாய்களால் ஆன ஒரு சட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒலிபெருக்கியும் விளக்கும் மாட்டியிருப்பார்கள். பார்ப்பவர்கள் அதை ஓர் அலங்காரம் என்றே நினைப்பார்கள். உண்மையில் அது ஒரு மனிதனைத் தண்ணீரின் மேல் இழுத்துச் செல்வதற்கான இழுவைக் கோபுரம். வேக்போர்ட் கோபுரம் என்பது அதன் பெயர்.

லகாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஈயலம்பங்கள் மூடப்பட்ட பிறகு, இந்த வட்டாரத்து இளைஞர்கள் பலர் வெல்டிங், ஃபிட்டிங், ஃபைபர் வேலைகளுக்குள் வந்தார்கள். இரும்பு வேலை தெரிந்த பட்டறையைத் தேடி ஒரு படகுக்காரர் வந்து, "கேட் அடிக்கிற குழாயிலேயே இப்படி ஒன்று செய்து கொடு தம்பி" என்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினால் என்ன பதில் சொல்வது? பதில் தெரியாமல் செய்து கொடுத்தால், பிய்த்துக்கொண்டு வருவது குழாய் மட்டுமல்ல. பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் தலையும் அதில் சிக்கும். ஆகவே இந்த வேலையின் அடிப்படையைத் தொழிலாளர்களும், படகில் ஏறும் குடும்பங்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வேக்போர்ட் என்றால் என்ன?

1922-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு படகின் பின்னால் சறுக்கிக் காட்டினார். நீர்ச்சறுக்கு விளையாட்டு அங்கிருந்துதான் வளர்ந்தது. 1980-களில் இரண்டு பலகைகளுக்குப் பதிலாக ஒரே அகலப் பலகையில் பக்கவாட்டில் நின்று செல்லும் முறை வந்தது. படகு கிளப்பும் அலையின் மேல் ஏறி, அங்கிருந்து காற்றில் எழும்பித் திரும்புவதுதான் வேக்போர்ட்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 2011-இல் பாலெம்பாங் சீ விளையாட்டுப் போட்டியில், முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர் அலெக்ஸ் யூங்கின் தங்கை ஆலியா யூங் தம் எட்டாவது வயதிலேயே நீர்ச்சறுக்கில் மலேசியாவைப் பிரதிநிதித்தார். 2017 சீ விளையாட்டில், புத்ராஜெயாவில் நடந்த போட்டியில் தங்கமும் வென்றார்.

கோபுரம் ஏன் உயரமாக இருக்கிறது?

பழைய நீர்ச்சறுக்கில் கயிற்றைப் படகின் பின்பக்கத்தில், தண்ணீருக்குச் சற்று மேலே உள்ள இரும்பு வளையத்தில் கட்டுவார்கள். பலகையில் நிற்பவர் காற்றில் எழும்பும்போது, தாழ்வாக இருக்கும் கயிறு அவரைக் கீழ்நோக்கி இழுக்கும். கயிறு உயரத்திலிருந்து வந்தால் அந்தக் கீழிழுப்பு இல்லை. மேலே தூக்கிக் கொடுக்கும். எழும்புவது எளிது, காற்றில் நிற்கும் நேரமும் கூடும். இதற்காகவே 1990-களில் கோபுரங்கள் வந்தன.

ஆனால் உயரத்துக்கு ஒரு விலை உண்டு. பின்பக்க வளையம் நீர்மட்டத்திலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோபுரத்தின் கொக்கி 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பலகையில் செல்பவர் பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது இழுக்கும் விசை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் நீர்மட்டத்திலிருந்து கணக்கிட்டால், படகைச் சாய்க்கும் வலிமை கோபுரத்தில் நான்கு மடங்கு. நீண்ட கடப்பாரையால் கல்லைப் புரட்டுவது எளிது அல்லவா? அதே கணக்குத்தான் இங்கே படகுக்கு எதிராக வேலை செய்கிறது.

தோட்டத்தில் காண்டா வாளி தூக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோளில் கம்பு, இரு முனையிலும் பால் வாளி. ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் உடம்பே சாய்ந்துவிடும். எடை எவ்வளவு என்பதைவிட, அது எங்கே தொங்குகிறது என்பதுதான் முக்கியம்.

உயரமான பொருளைத் தண்ணீரில் நிறுத்த வேண்டுமானால் அடித்தளம் அகலமாக இருக்க வேண்டும். பத்துகாஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில், 1938-இல் கட்டப்பட்ட 5-ஆம் எண் ஈயக்கப்பல் இன்றும் நிற்கிறது. ஏறத்தாழ 4,500 டன் எடையுள்ள அந்த இரும்பு மலை 1982 வரை வேலை செய்தது. அத்தனை உயரத்தையும் எடையையும் தாங்கியது அதன் அடியில் இருந்த அகலமான மிதவை. ஒடுக்கமான மீன்பிடி ஃபைபர் படகில் உயரமான கோபுரத்தை ஏற்றக்கூடாது என்பதற்கும் அதுவே காரணம். தயார்நிலையில் விற்கப்படும் கோபுரங்களுக்கு, எவ்வளவு அகலமுள்ள படகுக்குப் பொருந்தும் என்ற அளவைத் தயாரிப்பாளரே கொடுத்திருப்பார். உங்கள் படகு அந்த அளவுக்குள் வரவில்லை என்றால் பேச்சை அதோடு நிறுத்திவிட வேண்டும்.

முன்னே பின்னே: சரியான இடம் எது?

கோபுரத்தின் கொக்கி படகின் நீளத்தில் எங்கே வருகிறது என்பதே முதல் கேள்வி. படகு திரும்பும்போது அது சுழலும் மையம் ஏறத்தாழ நடுப்பகுதியில் இருக்கிறது. கயிறு மிகப் பின்னால் கட்டப்பட்டிருந்தால், பலகையில் செல்பவர் பக்கவாட்டில் இழுக்கும் ஒவ்வொரு முறையும் படகின் பின்பகுதி அந்தப் பக்கம் நகரும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கொக்கி நடுப்பகுதியை நெருங்க நெருங்க, படகு நேர்கோட்டில் ஓடும்.

அதனால்தான் பெரும்பாலான கோபுரங்களின் கால்கள் கண்ணாடித் தடுப்பை ஒட்டி, படகின் இரு பக்க விளிம்புகளில் நிற்கின்றன. இடத்தை முடிவு செய்வதற்கு முன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஓட்டுநரின் பார்வை. உட்கார்ந்து பார்த்தாலும் நின்று பார்த்தாலும் குழாய் அவருடைய கண்ணுக்கு நேரே வரக்கூடாது. தெமெங்கோர் போன்ற அணை ஏரிகளில் மூழ்கிய மரங்களின் தண்டுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு தண்டைக் குழாய் மறைத்தால் போதும், விபத்து நிச்சயம்.

இரண்டாவது, கயிறு போகும் பாதை. கொக்கியிலிருந்து பின்னால் போகும் கயிறு, பின் இருக்கையில் இருப்பவர்களின் தலையிலோ இயந்திரத்தின் மேலோ உரசக்கூடாது.

மூன்றாவது, மடிக்கும் வசதி. பாலத்துக்கு அடியில் போகவும், வீட்டுக் கார் போர்ச்சில் நிறுத்தவும் கோபுரத்தை மடிக்க வேண்டியிருக்கும். முன்பக்கம் மடிந்தால் கண்ணாடியில் இடிக்குமா, பின்பக்கம் மடிந்தால் இருக்கையில் இடிக்குமா என்று முன்கூட்டியே அளந்து பார்க்க வேண்டும்.

நான்காவதுதான் பலரும் மறப்பது. கால் நிற்கும் இடத்துக்கு அடியில் கை போகுமா? உள்ளே கையை விட்டு நட்டைப் பிடிக்க முடியாத இடத்தில் கோபுரத்தின் காலை வைக்கவே கூடாது.

விசை எங்கே இறங்குகிறது?

கயிறு பின்னோக்கி இழுக்கிறது. கோபுரம் பின்பக்கமாகச் சரியப் பார்க்கிறது. அப்போது பின் கால்கள் படகை அழுத்துகின்றன. முன் கால்களோ படகிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே வரப் பார்க்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொக்கி, கால்களிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். இழுவிசை 100 கிலோ. முன் காலுக்கும் பின் காலுக்கும் இடைவெளி 1 மீட்டர். அப்படியானால் முன் கால்கள் இரண்டையும் சேர்த்து 150 கிலோ மேலே இழுக்கிறது. ஒரு காலுக்கு 75 கிலோ. இடைவெளியை ஒன்றரை மீட்டர் ஆக்கினால் ஒரு காலுக்கு 50 கிலோவாகக் குறைகிறது. அரை மீட்டராகச் சுருக்கினால் 150 கிலோவாகக் கூடிவிடுகிறது. கோபுரம் அதேதான், இழுப்பவரும் அதே ஆள்தான். கால் நிற்கும் இடம் மட்டுமே மாறியது.

இது சீராக இழுக்கும்போது உள்ள கணக்கு. விழுந்து எழும்போதும், அலையில் இறங்கும்போதும் வெடுக்கென்று வரும் இழுப்பு இதைவிட அதிகம். பலகையில் செல்பவர் ஒரு பக்கம் வெட்டிப் போனால், சுமையின் பெரும்பகுதி ஒரே காலில் ஏறிவிடும். சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஃபைபரில் வெறும் ஸ்குரூ மட்டும் போட்டிருந்தால், அது நாளடைவில் தளர்ந்து ஒருநாள் மொத்தமாகப் பிடுங்கிக்கொள்ளும்.

பொருத்தும் முறை

இந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. இரண்டு மூன்று பேர் வேண்டும். படகை டிரெய்லரில் ஏற்றி, ரசமட்டம் வைத்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சமமாக நிறுத்த வேண்டும். பிறகு படகின் முன்முனை நடுப்புள்ளியிலிருந்து இடது காலுக்கும் வலது காலுக்கும் அளவு எடுக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் கோபுரம் நேராக நிற்கும். முன் கால், பின் கால்களுக்குக் குறுக்களவும் பார்க்க வேண்டும். பந்தல்கால் நடும்போது மூலைமட்டம் பார்க்கிறோமே, அதே முறைதான்.

துளை போடுவதற்கு முன் கோபுரத்தை முழுதாகக் கூட்டி, கால்களைப் படகில் தற்காலிகமாக ஒட்டி நிறுத்திப் பார்ப்பது அவசியம். பத்தடி தள்ளி நின்று முன்னிருந்தும் பின்னிருந்தும் பார்க்க வேண்டும். மடித்தும் பார்க்க வேண்டும். துளை போட்ட பிறகு மனம் மாறிப் பயனில்லை.

துளை விழும் இடத்துக்கு அடியில் எரிபொருள் தொட்டி, குழாய், மின்கம்பி எதுவும் இல்லை என்பதைக் கையால் தடவியும் விளக்கடித்தும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும் இடத்தில் டிரில் பொறி பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபைபர் படகின் மேல்பூச்சு கண்ணாடி போன்றது. அழுத்தி டிரில் போட்டால் துளையைச் சுற்றிக் கீறல் ஓடும். குறியிட்ட இடத்தில் டேப் ஒட்டி, சிறிய டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். துளையின் மேல்விளிம்பை லேசாகச் சரித்துவிட்டால் பிற்பாடு கீறல் வராது.

சில படகுகளில் ஃபைபருக்கு நடுவே மென்மரமோ நுரைப்பலகையோ இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் போல்ட்டை இறுக்கினால் நடுப்பகுதி நசுங்கும்; தண்ணீரும் உள்ளே இறங்கி மரம் இற்றுப்போகும். துளையைச் சுற்றி உள்ளிருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, எப்பாக்சி ஊற்றிக் கெட்டியாக்கிய பிறகு மறுபடியும் துளை போட வேண்டும்.

அடுத்தது அடிப்பட்டை. இந்த வேலையின் உயிர் இதுதான். போல்ட்டுக்கு அடியில் வெறும் வாஷர் போதாது. கோபுரத்தின் கால்தட்டைவிடப் பெரிய, தடித்த அலுமினியத் தகட்டை அடியில் கொடுத்து, எல்லாப் போல்ட்டும் அதன் வழியாக வரும்படி செய்ய வேண்டும். மேலே இழுக்கும் விசை அப்போது ஒரு பரந்த இடத்தில் பரவும். சட்டைப் பொத்தானைப் பிய்ந்த துணியில் தைக்காமல், அடியில் ஒரு துண்டுத் துணி கொடுத்துத் தைப்பது போல. போல்ட் மறுபக்கம் வரை ஊடுருவிப் போக வேண்டும். தானாகத் தளராத நைலான் நட் போட வேண்டும். கசிவைத் தடுக்க, படகுக்கென்றே விற்கப்படும் பாலியூரிதேன் பசை பூச வேண்டும். குளியலறை சிலிகான் இதற்கு உதவாது.

கேட் குழாயில் செய்தால் என்ன?

இப்போது படகுக்காரர் கேட்ட கேள்விக்கு வருவோம். இந்தக் கோபுரங்கள் பெரும்பாலும் 2 முதல் 2.5 அங்குல விட்டமுள்ள அலுமினியக் குழாயில் செய்யப்படுகின்றன. அதே அளவும் தடிப்பும் கொண்ட இரும்புக் குழாய் ஏறத்தாழ மூன்று மடங்கு கனம். அத்தனை கனத்தைத் தலைக்கு மேலே ஏற்றினால் படகின் சமநிலை அங்கேயே கெட்டுவிடும். துத்தநாகம் பூசிய குழாயில் வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும். உட்புறத்தில் துரு பிடிப்பது வெளியே தெரியாது. ஒருநாள் இழுப்பின் நடுவே அந்த இடம்தான் முறியும்.

அலுமினியத்தை வாங்கி நாமே வெல்டிங் செய்தால்? அங்கும் ஒரு பொறி இருக்கிறது. இத்தகைய வேலைக்குப் பயன்படும் 6061 ரக அலுமினியம், வெப்பமூட்டிப் பதப்படுத்துவதால் வலுப்பெறுவது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் இறங்கி, வலுவில் ஏறத்தாழ பாதி போய்விடும். பார்ப்பதற்கு வெல்டிங் அழகாக இருக்கும். அதன் ஓரம் பலவீனமாக இருக்கும். எந்த இடத்தில் இணைப்பு வரலாம், எங்கே தடிப்பைக் கூட்ட வேண்டும் என்று கணக்கிட்டு வடிவமைப்பது பொறியாளரின் வேலை. ஆகவே சோதித்து விற்கப்படும் கோபுரத்தை வாங்கி, அதைச் சரியாகப் பொருத்திக் கொடுப்பதே பட்டறைக்கு ஏற்ற வேலை. அதற்கே ஒரு முழுநாள் உழைப்பும் நியாயமான கூலியும் இருக்கிறது. "கேட் குழாயில் செய்ய மாட்டேன், காரணம் இது" என்று எடுத்துச் சொல்பவரிடம் படகுக்காரர் நிச்சயம் திரும்பி வருவார்.

லுமுட், பங்கோர் பக்கம் கடலில் ஓடும் படகு என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அலுமினியமும் எவர்சில்வர் போல்ட்டும் உப்புநீரில் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். 316 ரகப் போல்ட், நடுவே நைலான் வாஷர், ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீரில் கழுவுதல் ஆகிய மூன்றும் கட்டாயம்.

பொருத்திய பிறகு

முதல் ஓட்டத்தை மெதுவாகத் தொடங்க வேண்டும். வேக்போர்ட்டுக்கு வழக்கமான வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 37 கிலோமீட்டர். கயிறு 18 முதல் 24 மீட்டர். கயிறு அதிகம் நீளாத ரகமாக இருக்க வேண்டும். ரப்பர் போல நீளும் கயிறு விடுபட்டால் சாட்டை போல் படகுக்குள் திரும்பி வரும். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும்.

கோபுரத்தில் என்ன செய்யக்கூடாது என்பதும் முக்கியம். ரப்பர் டியூப்பையும் வாழைப்படகையும் அதில் கட்டி இழுக்கக்கூடாது. டியூப் அலையில் குத்தித் தண்ணீரை வாரும்போது வரும் இழுப்பு மிகப் பெரியது. அது தாழ்வான பின்பக்க வளையத்துக்கு உரியது. ஒரே நேரத்தில் இரண்டு பேரை இழுக்கக்கூடாது. புகைப்படத்துக்காக யாரும் கோபுரத்தின் மேல் ஏறக்கூடாது.

புதிதாகக் கற்பவர்களுக்குக் கோபுரமே தேவையில்லை என்பதையும் படகுக்காரர்கள் நினைவில் கொள்ளலாம். காற்றில் எழும்பாமல் தண்ணீரில் நின்று சறுக்கிப் பழகுவதற்குப் பின்பக்க வளையமே போதும். படகையும் கோபுரத்தையும் மாற்றியமைத்தால் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.

நம் வட்டாரத்துப் பழைய ஈயக்குட்டைகளில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். கரையிலிருந்து ஓரடி தள்ளினாலே ஆழம் விழும் குட்டைகள் அவை. அடியில் என்ன கிடக்கிறது என்று மேலிருந்து தெரியாது. 20 மீட்டர் கயிற்றோடு படகு வளைந்து திரும்பவும் இடம் போதாது.

ஏறுவதற்கு முன் பாருங்கள்

படகு ஓட்டாதவர்களும் ஒரு நிமிடத்தில் சில அறிகுறிகளைக் கண்டுகொள்ளலாம். கோபுரத்தின் காலைச் சுற்றி முடி போன்ற கீறல்கள் இருக்கின்றனவா? போல்ட்டுக்குக் கீழே பழுப்புக் கறை வழிந்திருக்கிறதா? அலுமினியத்தில் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறதா? குழாயைப் பிடித்து ஆட்டினால் படகும் சேர்ந்து ஆட வேண்டும். கோபுரம் மட்டும் தனியாக ஆடினாலோ, "டக் டக்" என்று ஒலி வந்தாலோ, அந்தப் படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, ஓட்டுநரைத் தவிர பலகையில் செல்பவரைக் கவனிக்க இன்னொருவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

கோபுரம் வாங்கும் பணத்தில் ஒலிபெருக்கிக்கும் வண்ண விளக்குக்கும் ஒதுக்குவதை விட, யார் கண்ணுக்கும் தெரியாத அந்த அடிப்பட்டைக்கு முதலில் ஒதுக்குங்கள். விடுமுறைக்குப் போன குடும்பம் முழுதாக வீடு திரும்புவதற்கு அந்தத் தகடும் சரியாக இறுக்கிய நான்கு நட்டுகளும்தான் பொறுப்பு.